ரிமாண்டுக்கு முன் வரும் வக்கீல்

(ஆரணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கிரிமினல் வக்கீல் கல்யாண வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. இலையில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார்: "கொலை பண்ணினவன்னு தெரிஞ்சும் அவனுக்காக எப்படி சார் வாதாடறீங்க?" என்னிடம் பதில் உண்டு. சாம்பார் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத பதில். இன்று ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி.

சட்டம் சொல்லும் பதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் ஏற்பட்டு, போலீசார் மீது வழக்கு வந்தது. அந்தப் போலீசாருக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கிருந்த வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. வழக்கமாக வக்கீல் கிடைக்காமல் திண்டாடுவது போலீஸ் பிடித்துப்போன ஆள். இங்கே திண்டாடியது போலீஸ். ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில், 2010 டிசம்பர் 6 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: இப்படிப்பட்ட தீர்மானம் எந்த ஊர்ச் சங்கம் போட்டாலும் செல்லாது, குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு கெட்டவராக ஊருக்குத் தெரிந்தாலும் அவருக்காக வாதாட ஆள் வேண்டும்.

ஏட்டில் இது சுலபம். ஊருக்குள் அவ்வளவு சுலபமில்லை. 2022-இல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிதி நிறுவனத்தின் விவகாரம் வெளியே வந்தபோது, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. இந்த அரங்கத்திலும் அதில் பணம் போட்டவர்கள் இருக்கலாம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போனவரிடம் போய், கைதானவருக்கும் வக்கீல் வேண்டும் என்று சொன்னால் அவருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். வக்கீல் இல்லாமல் வாங்கிய தண்டனை மேல்முறையீட்டில் நிற்காது. 1986-இல் அருணாசலப் பிரதேசத்து சுக் தாஸ் வழக்கில், இலவச வக்கீல் கிடைக்கும் என்று குற்றம் சாட்டப்பட்டவரிடம் சொல்லாமலே விசாரணையை முடித்துவிட்டார்கள் என்பதற்காக உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. எதிர்த் தரப்புக்கு வக்கீல் இல்லாத வழக்கு, பணம் போனவருக்கும் ஆபத்தான வழக்கு.

ஆகவே, எப்படி வாதாடுகிறீர்கள் என்ற கேள்வியை இத்தோடு விடுகிறேன். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றை யாருமே கேட்பதில்லை. வக்கீல் எப்போது வந்தார்? ஆளைப் பிடித்த அன்றைக்கா, குற்றப்பத்திரிகை கைக்கு வந்த பிறகா? பெரும்பாலான வழக்குகளின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றியதுதான்.

நம் மனத்தில் இருக்கும் கோர்ட் சினிமா கோர்ட். 1952-இல் 'பராசக்தி' வந்ததிலிருந்து, கூண்டில் நிற்பவரே எழுந்து ஊரையும் உலகத்தையும் கேள்வி கேட்பார், நீதிபதி வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார் என்று ஒரு நினைப்பு. நிஜத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேசக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்ததும் நீதிபதி அதிலிருந்து கேள்விகள் கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313-ஆம் பிரிவு, புதியதில் 351. பெரும்பாலோர் "பொய் சாட்சி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். வழக்கின் திருப்பங்கள் அங்கே நடப்பதில்லை. யாரும் பார்க்காத இடத்தில், வெகு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

தமிழ்நாடு அறிந்த வழக்குகளில் மிகப் பெரியதையே எடுத்துக்கொள்வோம். 1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த சி.என். லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' என்று பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சில் ஏற்றியவர் அவர். குத்துப்பட்ட இடத்திலேயே சாகவில்லை. மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். சில வாரங்களில் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உட்படப் பலர் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைத் தாண்டி ஓடியது. கொட்டகையில் கூட்டம், கதாநாயகர் சிறையில்.

உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன் ஜூரி வைத்து விசாரணை நடந்தது. ஜூரிகளில் 6 பேர் குற்றவாளிகள் என்றார்கள், 3 பேர் இல்லை என்றார்கள். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. மூன்று பேருக்குச் சந்தேகம் இருந்தும் தண்டனை கொடுக்க அன்றைய முறையில் இடமிருந்தது. (ஜூரி முறையை 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரேயடியாக விட்டுவிட்டது. அதற்காக அழுதவர் யாரும் இல்லை.) உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. வழக்கு கப்பல் ஏறி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. மேல்முறையீட்டை மறுபடி கேளுங்கள் என்று அங்கிருந்து திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில், நாடு விடுதலை ஆவதற்கு நான்கு மாதம் முன்பு, இருவரும் விடுதலை ஆனார்கள்.

கடைசிச் சுற்றில் அவர்களுக்காக நின்றவர் வி.எல். எத்திராஜ். நம் பக்கத்து வேலூரில் பிறந்தவர். சென்னை மாகாணத்தில் கிரௌன் பிராசிக்யூட்டராக அமர்ந்த முதல் இந்தியர். 1948-இல் தம் சொத்தைக் கொண்டு பெண்கள் கல்லூரி தொடங்கியவர் என்றுதான் இன்று பலருக்கும் தெரியும். அரசுத் தரப்பில் நின்று வழக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்று உள்ளிருந்து பார்த்தவருக்கு, அதில் எந்தச் செங்கல் ஆடுகிறது என்று வெளியிலிருந்தும் தெரியும். கிரிமினல் பக்கம் வர நினைக்கும் இளம் வழக்கறிஞர்கள், வாய்ப்பு வந்தால் சில ஆண்டுகள் அரசு வக்கீலாக இருந்துவிட்டு வருவது நல்லது என்று நான் சொல்வதற்கு இவர்தான் காரணம்.

பாகவதர் அன்றைய சூப்பர் ஸ்டார். எந்த வக்கீலையும் அமர்த்தும் வசதி இருந்தது. இருந்தும் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்தது. கிருஷ்ணன் வெளியே வந்து மறுபடி சிரிக்கவைத்தார், படம் எடுத்தார். பாகவதரின் படங்கள் அதன்பின் ஓடவில்லை. 1959-இல் இறந்தார். விடுதலைத் தீர்ப்பு இருவருக்கும் ஒன்றேதான். விடுதலை என்ற சொல் போன காலத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதை அவர் வாழ்க்கையை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். கடைசிச் சுற்றில் எத்திராஜே வந்தாலும், முதல் சுற்றில் இழந்தது இழந்ததுதான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

ஒன்றுபுரத்திலோ முள்ளிப்பட்டிலோ வீட்டில் தறி வைத்திருக்கும் ஒருவர். முதலாளி பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுத்திருக்கிறார். முன்பணமும் தந்திருக்கிறார். நெய்து தரும் புடவைக்குக் கூலி. இரண்டு மாதமாகப் புடவை வரவில்லை. போய்ப் பார்த்தால் தறியில் பாதிப் பாவு நிற்கிறது, ஜரிகை கணக்குக்குக் குறைகிறது. வீட்டில் உடம்பு சரியில்லாதவர் ஒருவர், மருத்துவச் செலவு. முதலாளி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். இது நான் இட்டுக்கட்டிய உதாரணம்தான், ஆனால் பட்டு நெய்யும் எந்த ஊரிலும் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள்.

முன்பணம் திரும்பி வராதது கடன். அதைக் கேட்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம், முன்சீப் கோர்ட். பட்டும் ஜரிகையும் அப்படியல்ல. அவை முதலாளியின் பொருள், நம்பி ஒப்படைத்தவை. நாணயமில்லாமல் விற்றுவிட்டால் நம்பிக்கை மோசடி. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 406-ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 316, ஐந்தாண்டு வரை. நெசவாளிகள் இந்த மாற்றத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் எழுதும்போது 316-உடன் ஏமாற்றுதலுக்கான 318-ஐயும் சேர்த்துக்கொள்வது வழக்கம். சேர்த்தால் வழக்கு கனமாகத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே செயலில் ஒன்றாக இருக்க முடியாது. பொருளை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் அது 318. நல்லபடியாக வாங்கி, பிறகு புத்தி மாறினால் 316. 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் அடித்துச் சொன்னது. இன்னொரு நுணுக்கமும் இதில் உண்டு. மூன்றாண்டிலிருந்து ஏழாண்டுக்குக் கீழே தண்டனை உள்ள புகாரில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் ஆரம்ப விசாரணை நடத்தி, உண்மையில் வழக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடப் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. 316 மட்டும் என்றால் அந்த வழி திறந்திருக்கும். 318-இன் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தால் அதற்கு ஏழாண்டு, வழி அடைபட்டுவிடும். ஒரு எண்ணைக் கூடுதலாக எழுதியதில் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து ஆண்டு மாறிப்போகிறது. இதைக் கவனித்து டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டியவர் யார்? அன்றைக்கே வந்திருக்க வேண்டிய வக்கீல்.

அன்றைக்கு அவர் வருவதில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினால், வீட்டார் முதலில் ஓடுவது வார்டு கவுன்சிலரிடம். அடுத்து கட்சிக்காரர். அடுத்து சங்கத் தலைவர். "பேசி முடிச்சிடலாம், வக்கீல் வச்சா பெரிசாயிடும்" என்று ஒருவர் சொல்வார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு நாளில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியாகிவிடும், செல்போன் வாங்கி வைத்தாகிவிடும், 'ஒப்புதல் வாக்குமூலம்' தயாராகிவிடும். பேச்சு முறிந்த பிறகு, ரிமாண்டுக்குக் கொண்டுபோகும் வண்டியைப் பார்த்துவிட்டு வக்கீலுக்கு போன் வரும்.

ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. அழைப்பாணை கொடுத்து விசாரிக்கலாம். கைது செய்தால் ஏன் தேவைப்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும். 2014 ஜூலை 2 அன்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. புதிய நடைமுறைச் சட்டத்தில் 35-ஆம் பிரிவு. நம் நெசவாளிக்கும் பொருந்தும். வக்கீல் இருந்தால் அந்த அழைப்பாணையைக் கேட்டு வாங்குவார். விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கும் உரிமை கைதானவருக்கு உண்டு; விசாரணை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது என்றாலும், வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தாலே ஸ்டேஷனின் குரல் மாறும். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷன்களிலும் சிசிடிவி வைத்து, பதிவைப் பல மாதம் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பதிவை அழியாமல் வையுங்கள் என்று முதல் வாரமே மனுப் போட்டால் பயன் உண்டு. ஓராண்டு கழித்துக் கேட்டால் "ரிப்பேர்" என்ற பதில்தான் வரும்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விடுமுறை என்றால் அவர் வீட்டு வாசலில். இரவு என்றாலும் வாசலில். அங்கே நடப்பதுதான் ரிமாண்ட். கைதானவர் நிற்கிறார், பின்னால் போலீஸ் நிற்கிறது. "அடித்தார்களா?" என்று நீதிபதி கேட்டால், "இல்லைங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வேறென்ன சொல்வார்? திரும்பிப் போகப்போவதும் அதே வண்டியில்தானே.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாக ஜெயராஜையும் மகன் பெனிக்ஸையும் பிடித்தார்கள். மறுநாள் ரிமாண்ட். கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ஆம் தேதி இரவும் 23-ஆம் தேதி காலையும் அடுத்தடுத்து இரண்டு உயிர்கள் போயின. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. கைதுக்கும் சாவுக்கும் நடுவே சட்டம் வைத்திருந்த முக்கியமான சோதனைச் சாவடி அந்த ரிமாண்டுதான். உடம்பைப் பாருங்கள் ஐயா என்று அங்கே சொல்ல ஒரு கறுப்பு அங்கி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு என்னை விட்டுப் போவதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் கொஞ்சம் வழுக்குகிறது. 2012 ஆகஸ்டில் கசாப் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாஜிஸ்திரேட் முன் முதன்முதலில் நிறுத்தும்போதே வக்கீல் பெறும் உரிமை தொடங்குகிறது, அதை எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்றது. நல்லது. ஆனால் அதே தீர்ப்பில், இந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போனதால் மட்டும் பின்னால் நடந்த விசாரணை கெட்டுவிடாது என்றும் சொன்னது. கடமை தவறினாலும் வழக்குக்குச் சேதமில்லை என்றால், அந்தக் கடமையை யார் மதிப்பார்கள்? அந்தத் தீர்ப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒரு வரியோடு மட்டும் உடன்பாடு இல்லை.

வாக்குமூலத்துக்கு வருவோம். போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்து வரும் விதி. இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-ஆம் பிரிவு. அதில் ஒரு சந்து உண்டு: அந்த வாக்குமூலத்தின் மூலம் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குரிய பகுதி மட்டும் செல்லும். ஆகவே எல்லா வழக்கிலும் ஒரு பொருள் 'அடையாளம் காட்டியபடி' கிடைக்கும். மகஜரில் வி.ஏ.ஓ.வும் அவர் உதவியாளரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கொலை வழக்கு என்றால், கொலைகாரர் நேராக வி.ஏ.ஓ. அலுவலகம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகவும் இருக்கும். பட்டா மாற்ற நாம் பலமுறை நடந்தாலும் பார்க்க முடியாத வி.ஏ.ஓ., கொலைகாரருக்கு மட்டும் எப்படியோ உடனே கிடைத்துவிடுகிறார். இத்தகைய சாட்சியத்தை நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கின்றன. இப்போது சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. ஜரிகையை எங்கிருந்து எடுத்தார்கள், யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்ற வீடியோவைக் கேட்டு வாங்குவது இன்றைய வக்கீலின் வேலை.

போலீசிடம் சொன்னதைச் சாட்சியமாக ஏற்ற ஒரு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இருந்தது, தடா. எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி பதிவு செய்தால் அந்த ஒப்புதல் செல்லும். அதன் விலை என்ன என்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிக்கிய பேரறிவாளன் விஷயத்தில் பார்த்தோம். ஜோலார்பேட்டைக்காரர், 1991 ஜூனில் கைதானபோது வயது 19. 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விட்டது, நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. தடா குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின்படி பதிவான ஒப்புதல்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். எழுதப்படாத அந்த ஒரு வாக்கியத்தை ஈடுகட்ட, 2022 மே 18 அன்று அரசமைப்பின் 142-ஆம் பிரிவைக் கொண்டு உச்ச நீதிமன்றம் விடுதலை செய்யும்வரை 31 ஆண்டு ஆயிற்று. அதில் பெரும்பகுதி வேலூரில் கழிந்தது. அந்த வாக்குமூலம் எழுதிய நாளில் அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

ஜாமீன் பற்றிக் கொஞ்சம். நம் நெசவாளியை ரிமாண்ட் செய்தால் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். ஆகாவிட்டால் ஜாமீன் அவர் உரிமை. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். எனவே 61-ஆம் நாள் காலையில் மனுவோடு நிற்கத் தெரிந்த வக்கீல் வேண்டும். இன்னொரு மாற்றமும் கவனிக்க வேண்டியது. முன்பு போலீஸ் கஸ்டடி முதல் 15 நாளோடு முடிந்துவிடும். இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நேரம் பார்த்துக் கஸ்டடி மனு வருவதற்கு இது வசதி செய்து கொடுத்திருக்கிறது.

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று ஸ்வீட் வாங்கி வருவார்கள். இரு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த சொந்தம், சொத்து வரி ரசீது என்று ஆணையில் எழுதியிருக்கும். வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவரின் சொந்தக்காரருக்குச் சொத்து வரி ரசீது ஏது? 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் தொகை 10,000 ரூபாய் என்றும், சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் அவர் ஜாமீன் செல்லாது என்றும் மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட் சொன்னார். நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்து எழுதிய தீர்ப்பு அது. படிக்கச் சுவையாக இருக்கும். நம் கோர்ட் வாசலில் ரசீது தேடி அலைபவரைப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு வந்ததா என்றே சந்தேகம் வரும். பிறகு நிபந்தனை: தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. தறியில் வேலை ஓடும் நேரம் அது. கையெழுத்துப் போட்டே கூலி போனால் வாங்கிய முன்பணத்தை எப்படி அடைப்பார்? "ஐயா, இவர் நெசவாளி, மாலை நேரம் போதும்" என்று ஜாமீன் மனு கேட்கும்போதே ஒரு வரி சொன்னால் நீதிபதிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. சொல்வதற்குத் தொழிலைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

மற்றக் கட்டங்களை வேகமாகக் கடக்கிறேன். அவை அனைவரும் ஓரளவு அறிந்தவை. குற்றப்பத்திரிகை வந்ததும் நகல்கள் இலவசமாகத் தர வேண்டும். வழக்கே இல்லை என்று தோன்றினால் 60 நாளுக்குள் விடுவிப்பு மனுப் போடலாம். இல்லையென்றால் குற்றச்சாட்டு வனைவு, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. மாஜிஸ்திரேட் தண்டித்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல். நடுவில் இருவரும் சமாதானமானால், நம்பிக்கை மோசடி வழக்கை நீதிமன்ற அனுமதியோடு முடித்துக்கொள்ளவும் முடியும். இவற்றுக்கு நடுவே வாய்தா, வாய்தா, வாய்தா.

குறுக்கு விசாரணை பற்றி மட்டும் ஒன்று. சத்தம் போடுவதல்ல அது. முதலாளியின் கணக்கு நோட்டில் பட்டின் எடை இருக்கிறது. பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மழை நாளில் கொடுத்த பட்டும் கோடையில் திரும்பிய புடவையும் ஒரே கணக்குக்கு வராது என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். நீதிபதி நெசவு அறியாதவராக இருக்கலாம். எந்த மாதம் எடை போட்டீர்கள், சேதாரம் எவ்வளவு கழித்தீர்கள், ஜரிகை எந்த ரகம், நோட்டில் நெசவாளி கையெழுத்து எங்கே என்று நான்கு கேள்வி தணிந்த குரலில் கேட்டால் போதும். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாக வேண்டும் என்ற விதிக்கு நம் ஊரில் கிடைக்கும் உருவம் அந்த எடைக் கணக்கு. நெசவாளி நிரபராதி என்று நிரூபிப்பது என் வேலை இல்லை. அவர் எடுத்தார் என்று அரசு நிரூபிக்கிறதா என்று ஒவ்வொரு கிராமாகப் பார்ப்பதுதான் என் வேலை. உண்மையில் அவர் ஜரிகையை விற்றிருந்தால், சரியாக எழுதிய நோட்டே அவரைக் காட்டிக்கொடுக்கும். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

காசு? காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் இவர்கள் எல்லாம் வருமானக் கணக்கே இல்லாமல் இலவச வக்கீல் பெறலாம் என்கிறது 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். இலவச வக்கீல் என்றால் சரியாக நடத்த மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. சிலரைப் பற்றி அது நியாயம்தான். ஆனால் ரிமாண்ட் நேரத்தில் பக்கத்தில் நிற்கும் இலவச வக்கீல், ஒரு வாரம் கழித்து வரும் விலை உயர்ந்த வக்கீலைவிட மேல்.

முதலாளிகளுக்கும் சொல்ல ஒன்று உண்டு. வழக்கு ஏழெட்டு ஆண்டு ஓடி விடுதலையில் முடிந்தால் நெசவாளிக்கு நிம்மதி, உங்களுக்கு ஜரிகையும் இல்லை, ஆளும் இல்லை. இதைத் தவிர்க்க ஒரு வழி தோன்றுகிறது. எடை எழுதும் நோட்டு இப்போது பெரும்பாலும் உங்கள் கையில் மட்டும் இருக்கிறது. அதையே இரட்டைப் படியாக்கி, ஒரு படி நெசவாளி வீட்டில் இருந்தால் என்ன? தேதி, பட்டு எடை, ஜரிகை ரகமும் எடையும், முன்பணம் தனியாக, இரண்டு பேர் கையெழுத்து. முன்பணம் தனிக் கட்டத்தில் இருந்தாலே, கடன் எது, ஒப்படைத்த பொருள் எது என்று ஸ்டேஷன் எழுத்தருக்குக்கூடக் குழப்பம் வராது. அட்டையின் பின்பக்கம் 15100 என்று பெரிதாக அச்சடித்துவிடலாம். முதல் ஆயிரம் நோட்டுக்கு அச்சுச் செலவை இந்த அறக்கட்டளை ஏற்குமா என்று அவைத் தலைவரை இந்த மேடையிலேயே கேட்டு வைக்கிறேன். அவர் தலையசைப்பதை அரங்கமே பார்த்துவிட்டது. சாட்சிக்குப் பஞ்சமில்லை.